கணித ஆசிரியர் வென்ற வெண்கல முகமூடி

ஒவ்வோர் ஆண்டும் மே 16ஆம் நாள் மலேசியப் பள்ளிகளில் ஆசிரியர் தினம் கொண்டாடப்படுகிறது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் உள்ள பள்ளி மண்டபங்களில் அன்று மாணவர்கள் மேடையேறுவர். ஒரு மாணவன் தன் ஆசிரியரைப் போல நடந்து காட்டுவான். ஒரு மாணவி ஆசிரியையின் குரலில் பேசிக் காட்டுவாள். மண்டபம் முழுவதும் சிரிப்பலை எழும். நடித்துக் காட்டப்பட்ட ஆசிரியரும் சேர்ந்து சிரிப்பார். நிகழ்ச்சி முடிந்ததும் அனைவரும் வகுப்பறைக்குத் திரும்பிவிடுவர். பிறரைச் சிரிக்க வைக்கும் ஆற்றலும் உழைத்து வளர்க்க வேண்டிய ஒரு கலை என்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே.

இங்கிலாந்தில் ஓர் இடைநிலைப்பள்ளியில் கணிதம் கற்பித்த தமிழர் ஒருவர் அவ்வாறு எண்ணிப் பார்த்தார். தாமே மேடையேறினார். பின்னாளில் பிரிட்டனின் மிக உயரிய தொலைக்காட்சி விருதைப் பெற்றார். அவர் பெயர் ரோமேஷ் ரங்கநாதன். அவர் பெற்ற விருதுகளை எண்ணிக் கூறுவது எளிது. ஆனால், அந்த விருதுகள் எவற்றின் பயனாகக் கிடைத்தன என்பதை அறிவதே நமக்குப் பயன் தரும்.

கிராலி நகரில் ஒரு தமிழ்க் குடும்பம்

இலண்டன் மாநகருக்குத் தெற்கே, கேட்விக் விமான நிலையத்திற்கு அருகில் அமைந்துள்ள நகரம் கிராலி. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், 1947இல் புதிய நகரமாக வளர்ப்பதற்கென்று தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர் அது. இலங்கையிலிருந்து புலம்பெயர்ந்த தமிழ்ப் பெற்றோருக்கு 1978ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் அந்நகரில் ரோமேஷ் பிறந்தார்.

சிறுவயதில் அவருக்கு நல்ல கல்வி கிட்டியது. உதவித்தொகை பெற்று, ரைகேட் கிராமர் பள்ளி என்னும் புகழ்பெற்ற பள்ளியில் பயின்றார். ஆனால், அந்த நிலை நீடிக்கவில்லை. குடும்பம் கடும் பணநெருக்கடிக்கு உள்ளாகியது. குடியிருந்த வீடு கையைவிட்டுப் போனது. தந்தை மோசடி வழக்கொன்றில் சிறை செல்ல நேர்ந்தது. ரோமேஷ் பழைய பள்ளியை விட்டு விலகி, கிராலியில் உள்ள ஹேசல்விக் பள்ளியில் சேர்ந்தார்.

இத்தகைய நிகழ்வுகளைப் பலர் வெளியில் சொல்லத் தயங்குவர். உற்றார் உறவினர் என்ன நினைப்பார்களோ என்னும் அச்சம் நம் சமூகத்தில் இன்றும் உண்டு. ரோமேஷ் பின்னாளில் இவற்றை மறைக்கவில்லை. 2018இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்று நூலிலும் மேடைகளிலும் அவற்றை வெளிப்படையாகவே கூறினார். தந்தையின் குறைகளைக் கூறும்போதும் அவர்மீது கொண்ட அன்பை அவர் கைவிடவில்லை. தம் வாழ்வில் நேர்ந்த இழப்புகளையே நகைச்சுவைக்குரிய பொருளாக மாற்றிக்கொண்டார்.

பகலில் பாடம், இரவில் மேடை

ரோமேஷ் இலண்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெர்க்பெக் கல்லூரியில் கணிதம் பயின்றார். பின்னர், தாம் மாணவராக இருந்த அதே ஹேசல்விக் பள்ளிக்குக் கணித ஆசிரியராகத் திரும்பினார். அங்கு நாடக ஆசிரியையாகப் பணியாற்றிய லீசாவை மணந்தார். நிலையான வேலை, மாதந்தோறும் சம்பளம், மதிப்புக்குரிய பதவி ஆகிய மூன்றும் அவருக்கு வாய்த்திருந்தன.

நகைச்சுவை மீதான ஆர்வம் அவருக்குத் திடீரென்று தோன்றியதன்று. ஒன்பது வயதில், குடும்பத்தினருடன் சென்ற விடுமுறை முகாமில் நடைபெற்ற போட்டியில் அவர் மேடையேறி நகைச்சுவைத் துணுக்குகளைச் சொன்னார். வளர்ந்த பிறகு ‘ராப்’ இசையிலும் ஈடுபட்டார். தாளத்திற்கேற்பச் சொற்களைக் கோத்துப் பாடும் கலை அது. சொற்களை விரைவாகவும் பொருத்தமாகவும் கையாள அந்தப் பயிற்சி அவருக்குக் கைகொடுத்தது. வகுப்பறையும் ஒரு பயிற்சிக்களமே. கணிதப் பாடத்தில் முப்பது இளைஞரின் கவனத்தை ஒரு மணி நேரம் பிடித்து வைப்பது எளிய செயலா?

ஆசிரியராக இருந்துகொண்டே அவர் மாலை வேளைகளில் சிறிய அரங்குகளில் தனிநபர் நகைச்சுவை நிகழ்ச்சிகளைச் செய்யத் தொடங்கினார். ஒலிவாங்கியைத் தவிர வேறு துணை ஏதுமின்றி, ஒருவரே நின்று பேசி மக்களைச் சிரிக்க வைப்பது இக்கலையின் இயல்பு. ஒப்பனை இல்லை, உடன் நடிப்பவர் இல்லை, பின்னணி இசையும் இல்லை. மக்கள் சிரிக்காவிட்டால் மறைந்துகொள்ள ஓரிடமும் இல்லை. தொடக்கத்தில் இத்தகைய மேடைகளில் ஊதியம் மிகக் குறைவு. பல இடங்களில் ஊதியமே இராது. நெடுந்தூரம் பயணம் செய்து, சில நிமிடங்கள் பேசி, நள்ளிரவில் வீடு திரும்பி, மறுநாள் காலையில் பள்ளிக்குச் செல்ல வேண்டும்.

2011இல் அவர் தந்தை காலமானார். ஏறத்தாழ அதே காலக்கட்டத்தில் ஆசிரியர் பணியை விட்டு முழுநேரக் கலைஞராகும் முடிவை ரோமேஷ் எடுத்தார். அது குடும்பத்தையும் பாதிக்கக்கூடிய முடிவு. சம்பளம் நின்ற பின்னர்ப் பணத்தட்டுப்பாடு வீட்டுக்குள் வந்தது. அவர் துணைவியார் உறுதுணையாக நின்றார். ஒருவர் கனவை நோக்கி நடக்கும்போது, அதன் சுமையை வீட்டில் இருப்பவர்களும் தாங்குகிறார்கள் என்பதை இங்குக் கருத்தில் கொள்ள வேண்டும். அவர் ஒரே நாளில் வேலையை உதறிவிட்டு ஓடவில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. பட்டம் பெற்றார், பணியில் நிலைபெற்றார், மேடையில் தம் திறமையைச் சோதித்துப் பார்த்தார், அதன் பின்னரே அடுத்த அடியை எடுத்து வைத்தார்.

இருமுறை நழுவிய விருது

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு மாதத்தில் மாபெரும் கலைவிழா ஒன்று நடைபெறுகிறது. 1947இல் அங்கு நடைபெற்ற பன்னாட்டுக் கலைவிழாவிற்கு அழைக்கப்படாத எட்டு நாடகக் குழுக்கள் தாமாகவே வந்து நாடகம் நடத்தின. அழைப்பில்லாமல் தொடங்கிய அந்த முயற்சியே இன்று ‘எடின்பரோ ஃபிரிஞ்ச்’ என்னும் பெயரில் உலகப் புகழ் பெற்றுள்ளது. அங்கு மேடையேறும் நகைச்சுவைக் கலைஞர்களுக்கு 1981 முதல் விருது வழங்கப்பட்டு வருகிறது. பிரிட்டனில் நகைச்சுவைத் துறையில் நுழைவோர் பெரிதும் விரும்பும் விருது அது.

2013இல் சிறந்த அறிமுகக் கலைஞர் பிரிவில் ரோமேஷின் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. விருதை ஜான் கெர்ன்ஸ் என்னும் கலைஞர் வென்றார். மறு ஆண்டு, 2014இல், ரோமேஷ் முதன்மை விருதுக்கே பரிந்துரைக்கப்பட்டார். அந்த ஆண்டும் விருதை வென்றவர் அதே ஜான் கெர்ன்ஸ்தான். அடுத்தடுத்த ஆண்டுகளில் அறிமுக விருதையும் முதன்மை விருதையும் வென்ற முதல் கலைஞர் என்னும் பெருமை கெர்ன்சுக்குக் கிடைத்தது. அந்த இரண்டு முறையும் ரோமேஷ் கைதட்டுவோர் வரிசையில் இருந்தார்.

போட்டிகளில் இரண்டாம் இடம் பெற்ற மாணவர்களுக்கு இந்த உணர்வு புரியும். ஒரே போட்டியாளரிடம் தொடர்ந்து இருமுறை வாய்ப்பை இழந்தவருக்கு இன்னும் நன்றாகப் புரியும். ஆனால், பரிந்துரையும் ஓர் அங்கீகாரமே. நூற்றுக்கணக்கான நிகழ்ச்சிகளுள் ஒரு சிலவற்றையே நடுவர்கள் இறுதிப் பட்டியலுக்குத் தேர்ந்தெடுக்கின்றனர். முதல் ஆண்டு அறிமுகக் கலைஞராகப் பட்டியலில் இடம்பெற்றவர் மறு ஆண்டே முதன்மைப் பட்டியலுக்கு உயர்ந்தார் என்பது அவர் வளர்ச்சியின் வேகத்தைக் காட்டுகிறது. விருது கையைவிட்டு நழுவியபோதும் அவரைத் தொலைக்காட்சி நிறுவனங்கள் கவனிக்கத் தொடங்கின.

பெயரில் பிறந்த சிலேடை

ஒரு சொல் இரு பொருள்பட அமைவதைச் சிலேடை அல்லது இரட்டுற மொழிதல் என்பர். தமிழில் சிலேடைக்குப் பெயர் பெற்றவர் காளமேகப் புலவர். ரோமேஷும் தம் நிகழ்ச்சிகளின் தலைப்புகளைச் சிலேடையாகவே அமைத்தார். அதற்குத் தம் பெயரையே பயன்படுத்திக்கொண்டார்.

2013இல் அவர் எடின்பரோவில் படைத்த நிகழ்ச்சியின் பெயர் ‘ரோம் காம்’. காதல் நகைச்சுவைப் படங்களை ஆங்கிலத்தில் சுருக்கமாக அவ்வாறு அழைப்பர். அதில் ரோமேஷ் என்னும் பெயரின் முதற்பகுதியும் ஒளிந்துள்ளது. 2014ஆம் ஆண்டின் நிகழ்ச்சிக்கு, ‘ரோம் ஒரே நாளில் கட்டப்படவில்லை’ என்னும் பொருள்படும் ஆங்கிலப் பழமொழியைச் சற்றே மாற்றித் தலைப்பாக வைத்தார். பழமொழியில் ரோம் என்பது நகரம். தலைப்பில் ரோம் என்பது ரோமேஷ். பெரிய செயல்கள் முடியக் காலம் பிடிக்கும் என்பது பழமொழியின் கருத்து. இந்தக் கலைஞனும் ஒரே நாளில் உருவாகவில்லை என்பது சிலேடையின் கருத்து.

பின்னாளில் பிபிசி தொலைக்காட்சியில் அவர் நடத்திய நிகழ்ச்சிக்கு ‘தி ரங்கநேஷன்’ என்று பெயர். ஆங்கிலத்தில் ‘நேஷன்’ என்றால் நாடு. ரங்கநாதன் என்னும் பெயரின் கடைசிப் பகுதி நாடாக மாறிவிட்டது. வெளிநாடுகளில் வாழும் தமிழர் பலர், பிறருக்கு உச்சரிக்க வராது என்று தம் பெயரைச் சுருக்கிக்கொள்வதுண்டு. ரோமேஷோ தம் தந்தை வழி வந்த நீண்ட தமிழ்ப் பெயரை ஒரு நாட்டு மக்கள் அனைவரும் உச்சரிக்கும்படி செய்துவிட்டார்.

அம்மா அனுப்பிய பயணம்

புலம்பெயர்ந்த குடும்பங்கள் பலவற்றில் நிகழ்வது ரோமேஷின் குடும்பத்திலும் நிகழ்ந்தது. பிள்ளைகள் ஆங்கிலச் சூழலில் வளர்ந்தனர். தமிழைச் சரளமாகப் பேசும் வாய்ப்பு ரோமேஷுக்கு அமையவில்லை. பெற்றோரின் பிறந்த மண்ணைப் பற்றியும் அவர் அதிகம் அறிந்திருக்கவில்லை. அவர் தாயார் சாந்திக்கு இது மனக்குறையாக இருந்தது.

இந்தக் குறையே ஒரு தொலைக்காட்சித் தொடராக மாறியது. 2015இல் பிபிசி மூன்றாம் அலைவரிசைக்காக எடுக்கப்பட்ட ‘ஏசியன் புரோவோகட்டர்’ என்னும் தொடரில், தாயின் சொற்படி ரோமேஷ் இலங்கைக்குச் சென்றார். அங்கு உறவினரைச் சந்தித்தார். உள்ளூர் மக்களின் வாழ்க்கையை அருகிலிருந்து பார்த்தார். தமக்குப் பழக்கமில்லாத பணிகளைச் செய்ய முயன்று தடுமாறினார். அடுத்த தொடரில் தாயும் மகனும் சேர்ந்து அமெரிக்காவில் பயணம் செய்தனர். மகனைத் தயங்காமல் கண்டிக்கும் தாயும், முணுமுணுத்துக்கொண்டே கீழ்ப்படியும் மகனும் பார்வையாளரின் உள்ளத்தைக் கவர்ந்தனர். கிராலியில் வாழும் அந்தத் தாயைப் பார்த்த பலருக்கும் தம் வீட்டுத் தாயே நினைவுக்கு வந்தார்.

இத்தொடரில் சிரிப்புக்கு ஆளாகுபவர் இலங்கை மக்கள் அல்லர். தம் வேர்களை அறியாமல் திணறும் ரோமேஷ்தான். தொல்காப்பியம் எட்டு வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலாவதாக வைக்கிறது. நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கையும் குறிப்பிடுகிறது. எள்ளல் என்பது பிறரைக் கேலி செய்து நகுவதை மட்டும் குறிப்பதன்று. தான் கேலிக்கு ஆளாகும்போது நகுவதையும் குறிக்கும் என்று உரையாசிரியர் விளக்குவர். ரோமேஷின் நகைச்சுவை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அறியாமையால் விளையும் பேதைமையும் அதில் உண்டு. பிறரைப் புண்படுத்திச் சிரிப்பதைவிடத் தன்னைப் பார்த்துத் தானே சிரிப்பதற்கு அதிகத் துணிவு தேவை.

வெண்கல முகமூடி

பிரிட்டனில் திரைப்படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் வழங்கப்படும் மிக உயரிய விருது ‘பாஃப்டா’ ஆகும். இதனை வழங்கும் கழகத்தின் தொடக்க அமைப்பு 1947இல் நிறுவப்பட்டது. விருதின் வடிவம் ஒரு வெண்கல முகமூடி. மிட்சி கன்லிஃப் என்னும் பெண் சிற்பி 1955இல் அதனை வடிவமைத்தார். முன்புறம் நாடக முகமூடியாகத் தோன்றும் அதன் பின்புறத்தில், ஒரு கண்ணைச் சுற்றி மின்னணுவியல் குறியும் மறு கண்ணைச் சுற்றித் திரையின் குறியும் பொறிக்கப்பட்டுள்ளன. கலையும் தொழில்நுட்பமும் இணைந்ததே தொலைக்காட்சி என்பதை அந்தச் சிற்பம் உணர்த்துகிறது.

ரோமேஷ் தொடர்புடைய மூன்று பாஃப்டா வெற்றிகள் குறிப்பிடத்தக்கவை. அவை மூன்றும் மூன்று வகையான திறன்களுக்குக் கிடைத்தவை.

முதல் வெற்றி 2020இல் கிடைத்தது. ‘ரோமேஷ் ரங்கநாதனின் விபரீதப் பயணங்கள்’ என்று பொருள்படும் பிபிசி தொடர், சிறப்பு நிகழ்ச்சிகள் பிரிவில் விருது பெற்றது. 2018இல் தொடங்கிய அத்தொடரில் அவர் எத்தியோப்பியா, ஹைட்டி, அல்பேனியா முதலிய நாடுகளுக்குச் சென்றார். சுற்றுலாப் பயணிகள் அஞ்சி ஒதுக்கும் இடங்கள் என்று பெயர் பெற்ற நாடுகள் அவை. அங்குள்ள மக்களோடு பழகி, அந்நாடுகளைப் பற்றி வெளியுலகம் கொண்டிருந்த தவறான எண்ணங்களைச் சிரிப்பின் வழி உடைத்தார். இது ஒரு குழுவின் உழைப்புக்குக் கிடைத்த விருது. ஒளிப்பதிவாளர், இயக்குநர், தயாரிப்பாளர் முதலிய பலரின் பங்கு அதில் அடங்கியுள்ளது. கோவிட்-19 பெருந்தொற்றின் காரணமாக அவ்வாண்டு விருது விழா வழக்கம்போல் மக்கள் கூட்டத்துடன் நடைபெறவில்லை.

இரண்டாம் வெற்றி மறு ஆண்டே வந்தது. 2021இல், பொழுதுபோக்கு நிகழ்ச்சியில் சிறந்த பங்களிப்பு வழங்கியவருக்கான பாஃப்டா விருது ‘தி ரங்கநேஷன்’ நிகழ்ச்சிக்காக அவருக்கு வழங்கப்பட்டது. இது அவருடைய தனிப்பட்ட ஆற்றலுக்குக் கிடைத்த அங்கீகாரம். அந்த நிகழ்ச்சியில் பல பின்னணிகளைச் சேர்ந்த பொதுமக்கள் ஒன்றுகூடி, நாட்டு நடப்புகளைப் பற்றித் தங்கள் கருத்துகளைச் சொல்வர். அவர்களோடு ரோமேஷின் தாயாரும் அமர்ந்திருப்பார். நோய்த்தொற்றுக் காலத்தில் அவர்கள் வீட்டிலிருந்தபடியே காணொலி வழி இணைந்தனர். பலரைப் பேச வைத்து, ஒவ்வொருவர் சொல்வதையும் செவிமடுத்து, உடனுக்குடன் நகைச்சுவையாக மறுமொழி கூறுவது ரோமேஷின் பணி. கை உயர்த்தும் மாணவர்களை ஒவ்வொருவராகப் பேச வைக்கும் ஆசிரியரின் திறன் அங்கும் பயன்பட்டது.

மூன்றாம் வெற்றி 2024இல் கிடைத்தது. நகைச்சுவைக் கலைஞர் ராப் பெக்கெட்டும் ரோமேஷும் இணைந்து நடத்தும் ‘ராப் அண்ட் ரோமேஷ் வெர்சஸ்’ என்னும் தொடர், சிறந்த நகைச்சுவைப் பொழுதுபோக்கு நிகழ்ச்சிக்கான விருதை வென்றது. நண்பர்கள் இருவரும் தமக்குப் பழக்கமில்லாத துறைகளில் இறங்கிப் பார்க்கும் தொடர் அது. அதே ஆண்டின் பாஃப்டா தொலைக்காட்சி விருது விழாவை நெறிப்படுத்தியவர்களும் இவ்விருவரே. விழாவை நடத்தியவர்களே விருதும் பெற்றது அரங்கினருக்கு இனிய வேடிக்கையாக அமைந்தது. பத்து ஆண்டுகளுக்கு முன்னர், வேறொருவர் விருது வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது நாட்டின் மிகப் பெரிய தொலைக்காட்சி விழாவையே நடத்தும் நிலைக்கு உயர்ந்திருந்தார்.

பரிசிலும் மதிப்பும்

விருது எப்போது மதிப்புப் பெறுகிறது? இந்த வினாவுக்குச் சங்க காலத்திலேயே ஒரு புலவர் விடை தந்துள்ளார். பெருஞ்சித்திரனார் என்னும் புலவர், அதியமான் நெடுமான் அஞ்சியைக் காணச் சென்றார். மன்னன் புலவரை நேரில் காணாமலேயே பரிசிலை மட்டும் கொடுத்தனுப்பினான். புலவர் அதனை ஏற்க மறுத்துவிட்டார். தம்மைக் கண்டு, தம் புலமையின் அளவை அறிந்து கொடுப்பது சிறிதளவே ஆயினும் அதுவே தமக்கு இனியது என்பது அவர் கருத்து. இச்செய்தியைப் புறநானூறு கூறுகிறது.

அங்கீகாரம் என்பதன் உட்பொருள் இதுவே. ஒருவருடைய உழைப்பையும் திறனையும் அறிந்தவர் மனமுவந்து தருவதே மெய்யான பரிசு. கலைஞனை அறியாமல் கொடுக்கப்படும் கேடயம் அலமாரியில் தூசு படியும். ரோமேஷின் வாழ்வில் இத்தகைய அங்கீகாரம் வெண்கல முகமூடிக்கு முன்னரே தொடங்கிவிட்டது. சிறிய அரங்கில் முதன்முதலாக யாரோ ஒருவர் சிரித்தபோது அது பிறந்தது. வேலையை விடும் முடிவைக் குடும்பம் ஏற்றுக்கொண்டபோது அது வளர்ந்தது. பரிந்துரைப் பட்டியலில் பெயர் இடம்பெற்றபோது துறையினர் அதனை உறுதிப்படுத்தினர். பாஃப்டா விருது, ஏற்கெனவே இருந்த மதிப்பை உலகறியச் செய்தது.

நம் நாட்டு மேடைகள்

நகைச்சுவைக்குப் பன்னாட்டு அங்கீகாரம் பெற்ற கலைஞர்கள் மலேசியாவிலும் உள்ளனர். ஹரித் இஸ்கந்தர் 2016இல் பின்லாந்து நாட்டில் நடைபெற்ற இறுதிச்சுற்றில் வென்று, ‘உலகின் மிக நகைச்சுவையான மனிதர்’ என்னும் பட்டத்தைப் பெற்றார். இந்திய வம்சாவளியைச் சேர்ந்த மலேசியக் கலைஞர் கவின் ஜேயின் தனிநபர் நகைச்சுவை நிகழ்ச்சி 2018இல் நெட்பிளிக்ஸ் தளத்தில் வெளியாகி, பல நாட்டு மக்களைச் சென்றடைந்தது. இவர்களும் கிள்ளான் பள்ளத்தாக்கின் சிறிய மேடைகளில் பேசிப் பழகியவர்களே.

பல இனத்தார் கூடி வாழும் நாட்டில் நகைச்சுவை இருமுனைக் கத்தியைப் போன்றது. பிற இனத்தவரின் நிறத்தையோ பேச்சையோ சமயத்தையோ இழிவுபடுத்தினால் அது பகையை வளர்க்கும். நம் அன்றாட வாழ்வின் தடுமாற்றங்களைப் பகிர்ந்துகொண்டால் அதே நகைச்சுவை மனங்களை நெருங்க வைக்கும். பள்ளி மேடையில் ஆசிரியரைப் போல நடிக்கும் மாணவனும் இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டும். நடித்துக் காட்டப்பட்டவரும் சேர்ந்து சிரிக்க முடிகிறதா என்பதே அதற்கு நல்ல அளவுகோல்.

ரோமேஷின் கதையில் மலேசியத் தமிழ் மாணவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இன்னொன்றும் உண்டு. அவர் தம் வேர்களைத் தேடிப் புறப்பட்டபோது வயது முப்பதைக் கடந்திருந்தது. தாய்நாட்டு உறவினரோடு அவர்கள் மொழியிலேயே மனம்விட்டு உரையாடும் வாய்ப்பு அவருக்குக் குறைவாகவே இருந்தது. அந்தக் குறையைக்கூட அவர் நகைச்சுவையாக்கினார் என்பது உண்மை. ஆயினும், சிரிப்பின் அடியில் ஒரு சிறு ஏக்கம் இருக்கத்தான் செய்கிறது. நம் நாட்டு மாணவர்களுக்கோ அம்மொழி வகுப்பறையிலேயே கிடைக்கிறது. வீட்டில் பாட்டி சொல்லும் பழமொழியும், பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் கேட்கும் பேச்சும், தமிழும் மலாயும் கலந்து பிறக்கும் வேடிக்கைச் சொற்களும் நகைச்சுவைக்கு வற்றாத ஊற்று.

ஆசிரியர் தின நிகழ்ச்சி முடிந்து மண்டபத்து விளக்குகள் அணையும் வேளையில், ஒரு மாணவன் தன்னைப் பார்த்துப் பிறர் சிரித்ததை எண்ணி மகிழ்ந்தவாறு வகுப்புக்குத் திரும்பக்கூடும். அந்தச் சிரிப்பு அவனுக்குக் கிடைத்த முதல் அங்கீகாரம். அதனைக் கலையாக வளர்ப்பதற்குப் படிப்பும் பயிற்சியும் பொறுமையும் தேவை. ரோமேஷ் ரங்கநாதனின் நிகழ்ச்சித் தலைப்பு கூறியதைப் போல, எந்தக் கலைஞனும் ஒரே நாளில் உருவாவதில்லை.

சிந்தித்து விடையளிக்க

1. ரோமேஷ் ரங்கநாதன் தம் இளமைக் காலத்தில் எதிர்கொண்ட இன்னல்கள் யாவை? அவற்றை அவர் பின்னாளில் எவ்வாறு பயன்படுத்தினார்?

2. 2013, 2014ஆம் ஆண்டுகளில் எடின்பரோவில் அவருக்கு ஏற்பட்ட அனுபவத்தைத் தோல்வி எனக் கருதலாமா? உம் கருத்தைக் காரணத்துடன் விளக்குக.

3. ரோமேஷ் தொடர்புடைய மூன்று பாஃப்டா விருதுகளும் எவ்வெவற்றுக்கு வழங்கப்பட்டன? அவற்றுக்கிடையே உள்ள வேறுபாட்டை எழுதுக.

4. பெருஞ்சித்திரனார் பரிசிலை ஏற்க மறுத்ததற்கும் இப்பகுதியின் மையக்கருத்துக்கும் உள்ள தொடர்பு யாது?

5. ஆசிரியர் பணியில் பெற்ற திறன்கள் ரோமேஷின் கலைத்துறைக்கு எவ்வாறு உதவின?

6. ‘நடித்துக் காட்டப்பட்டவரும் சேர்ந்து சிரிக்க முடிகிறதா என்பதே நல்ல அளவுகோல்.’ இக்கூற்றை உம் பள்ளி வாழ்வில் கண்ட ஒரு நிகழ்வுடன் தொடர்புபடுத்தி 80 சொற்களில் எழுதுக.

7. உமது பெயரையோ உமது ஊரின் பெயரையோ பயன்படுத்தி ஒரு சிலேடைத் தலைப்பை உருவாக்கி, அதன் இரு பொருளையும் விளக்குக.